மூளையிற் பத்தில் ஒரு பங்கு

“மனிதன் தன் மூளையிற் பத்தில் ஒரு பங்கையே பயன்படுத்துகின்றான், எஞ்சிய ஒன்பது பங்கும் உழப்படாத தரிசுபோல வாளா கிடக்கின்றது” என்னும் கூற்றைக் கேளாதார் நம்முள் அரியர். மேடைப் பிரசங்கிகள் இதனைச் சொல்லி மாணவர்க்கு ஊக்கமூட்டுவர். நினைவாற்றலைப் பெருக்குவதாகச் சொல்லி லேகியமும் மாத்திரையும் விற்போர் இதனையே தம் விளம்பரத்தின் நெற்றியில் எழுதுவர். சொல்வோர் யாவரும் “விஞ்ஞானிகள் கண்டறிந்தது” என்னும் முத்திரையை மறவாது குத்திவிடுவர். கேட்போரும், செவிக்கினிய சொல்லாதலின், வினாவாது ஏற்றுக்கொள்வர். தமக்கு இத்துணைப் பெரிய நிலம் இன்னும் உழப்படாமற் கிடக்கின்றதென்று கேட்டால் மகிழாதார் யாவர்?

யாமும் இக்குற்றத்திற்கு விலக்கல்லேம். பல்லாண்டுகளுக்கு முன், ஒரு தேர்விற் குறைந்த எண்கள் பெற்று வாடியிருந்த வகுப்பினரைத் தேற்றும்பொருட்டு, பாடம் முடியுந் தறுவாயில் இக்கூற்றை எடுத்துரைத்தோம். மணி அடித்தது, மாணவர் கலைந்தனர். ஒருவர் மட்டும் பின்தங்கி நின்றார். சிற்றூரினின்றும் வந்து விடுதியில் தங்கிப் படித்தவர், மிகுதியாகப் பேசாதவர். “ஐயா, என் தகப்பனார்க்குச் சென்ற மாதம் பக்கவாதம் கண்டது. மூளையின் இடப்புறத்தில் ஒரு கொட்டைப்பாக்களவு இடமே பழுதுற்றதென்று டாக்டர் சொன்னார். அவர்க்கு வலக்கை விழுந்துவிட்டது; பேச்சும் போயிற்று. பத்தில் ஒன்பது பங்கு சும்மா இருக்குமானால், அந்தக் கொட்டைப்பாக்களவு பழுது அந்தச் சும்மா இருக்கும் இடத்தில் ஏன் விழவில்லை? போனது போகட்டும், சும்மா இருக்கும் பங்கைக்கொண்டு அவர் மறுபடி பேசலாமா?” என்று அவர் வினவினார்.

அவ்விரு வினாக்களுக்கும் அன்று எம்மிடம் விடையில்லை. படித்தறிந்து சொல்வோமென்று கூறி அவரை அனுப்பினோம். பின்பு படித்தவற்றை ஒருவாறு தொகுத்து, அன்று அவரோடிருந்து கேளாத மாணவர்க்கும் பயன்படுமாறு இங்கே எழுதலுற்றோம்.

முதற்கண் இக்கூற்றுப் பிறந்த வரலாற்றை நோக்குவோம். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளநூல் கற்பித்த வில்லியம் ஜேம்ஸ் என்னும் பேரறிஞர் 1907-ஆம் ஆண்டில் மனிதரின் ஆற்றல்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓடுகின்ற ஒருவன் களைத்து நிற்க எண்ணும் வேளையில், நில்லாது மேலும் ஓடுவானாயின், களைப்பு நீங்கிப் புதியதொரு வலிமை தோன்றக் காண்கின்றான். அவ்வாறே மன முயற்சியிலும் நாம் முதற் களைப்பிலேயே நின்றுவிடுவதால் நமக்கு இயலக்கூடியதிற் சிறு பகுதியையே செய்து முடிக்கின்றோம் என்பது அவர் கருத்து. இது நன்கு சிந்திக்கத்தக்கதொன்று. ஆயின் அவர் பேசியது ஆற்றலைப் பற்றி. மூளையின் பரப்பைப் பற்றியன்று. பத்தில் ஒன்று என்னும் கணக்கும் அக்கட்டுரையில் இல்லை.

கணக்குப் பின்னர்ச் சேர்ந்தது. 1929-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆண்டுத் தகவல் நூலொன்றில், மன ஆற்றலை வளர்ப்பதாகக் கூறிய விளம்பரமொன்று, மூளையின் வலிமையில் நூற்றுக்குப் பத்துப் பங்கையே நாம் பயன்படுத்துகின்றோமென விஞ்ஞானிகள்மேல் ஏற்றிச் சொல்லிற்று. 1936-இல் டேல் கார்னெகி என்பார் நண்பரைப் பெறும் வழியைப் பற்றி எழுதி, உலகெங்கும் விற்பனையான நூலுக்கு லோவல் தாமஸ் என்பார் முன்னுரை வரைந்தார். அம் முன்னுரையில், சராசரி மனிதன் தன்னுள் மறைந்துள்ள மன ஆற்றலிற் பத்துப் பங்கையே வளர்த்துக்கொள்கின்றான் என்பது ஜேம்ஸின் கூற்றாகக் காணப்படுகின்றது. ‘சிறு பகுதி’ என்பது ‘பத்துப் பங்கு’ ஆயிற்று. ‘ஆற்றல்’ என்பது ‘மூளை’ ஆயிற்று. ‘வளர்த்துக்கொள்கின்றான்’ என்பது ‘பயன்படுத்துகின்றான்’ ஆயிற்று. ஒருவன் காக்கை நிறமாய் வாந்தியெடுத்தான் என்ற சொல், தெருக்கோடியை அடையுமுன், காக்கை காக்கையாய் வாந்தியெடுத்தான் என்று மாறிய கதையை நாமறிவோம். இதுவும் அவ்வாறு பறந்த காக்கையே. பிற்காலத்தார் இதனை ஐன்ஸ்டீன் வாக்கெனவும் சொல்லத் தலைப்பட்டனர். அவர் சொன்னதற்குச் சான்று கிடைத்திலது.

இதற்கு மற்றொரு வேரும் உண்டு. அஃது ஆராய்ச்சிக்கூடத்திலேயே ஓடியது. 1870-இல் ஜெர்மானியரான பிரிட்ஷ், ஹிட்சிக் என்னும் இருவர் ஒரு நாயின் பெருமூளையின் முன்பகுதியில் ஓரிடத்தை மெல்லிய மின்சாரத்தால் தீண்டியபோது, எதிர்ப்பக்கத்துக் கால் அசையக் கண்டனர். வேறு பல இடங்களைத் தீண்டியபோது யாதோர் அசைவும் தோன்றவில்லை. மனித மூளையிலும் இத்தகைய பகுதிகள் பெரும்பரப்பினவாய் உள்ளன. அவற்றிற்கு ‘மௌனப் பகுதிகள்’ என்று பெயரிட்டனர். 1929-இல் கார்ல் லாஷ்லி என்பார், எலிகளின் மூளைப் புறணியில் ஒரு பகுதியை நீக்கிய பின்னரும் அவை கற்ற வழியை முற்றும் மறந்திலவென எழுதினார். இவற்றைக் கேள்வியுற்றோர், ‘மௌனம்’ என்பதை ‘உறக்கம்’ என்று பொருள்கொண்டனர்.

இப்பிழையை நம் கல்லூரியைக்கொண்டே விளக்கலாம். மணியடிக்கும் ஊழியரின் கையை அசைத்தால் கல்லூரியெங்கும் ஓசை கேட்கும். நூலகத் தலைவரின் கையை அசைத்தால் ஓரோசையும் கேளாது. அதனால் நூலகத் தலைவர் பணியற்றவர் என்று முடிவுசெய்தல் தகுமோ? மௌனப் பகுதிகளின் பணி காலை அசைப்பதன்று. திட்டமிடுதல், நினைவுகூர்தல், கண்டதையும் கேட்டதையும் இணைத்துப் பொருளறிதல், சினத்தை அடக்குதல் ஆகியவை அவற்றின் பணி. 1848-இல் அமெரிக்காவில் வெர்மாண்ட் மாகாணத்தில் இருப்புப்பாதை வேலையிலிருந்த பினியஸ் கேஜ் என்பவனுடைய கன்னத்தின் வழியே, வெடிமருந்தின் விசையால், மூன்றரை அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள இரும்புக் கம்பியொன்று புகுந்து, மூளையின் முன்பகுதியைத் துளைத்து உச்சியால் வெளியேறியது. அவன் இறந்திலன், நடந்தான், பேசினான். “பார்த்தீரோ, அப்பகுதி வேண்டாததே” என்று சிலர் சொல்லக்கூடும். ஆயின், முன்னர்ப் பொறுப்பும் அமைதியும் உடையவனாயிருந்த அவன் கடுஞ்சொல்லும் நிலையாமையும் உடையவனானான் என்றும், இவன் பழைய கேஜ் அல்லன் என்று நண்பர் வருந்தினரென்றும் அவனுக்கு மருத்துவம் செய்த ஹார்லோ எழுதிவைத்தார். பின்னர் அவன் சிலி நாட்டிற் பல ஆண்டு குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்தான் என்பதால் ஓரளவு தேறினான் என்பதும் தெரிகின்றது. இரண்டையும் நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இனி, மாணவரின் முதல் வினாவுக்கு வருவோம். பாரிஸ் நகரத்தில் 1861-ஆம் ஆண்டில் பால் புரோகா என்னும் மருத்துவ அறிஞர், இருபத்தோராண்டுகளாக ஒரேயோர் அசையன்றி வேறு பேச முடியாதிருந்த நோயாளி ஒருவர் இறந்தபின், அவர் மூளையை ஆராய்ந்தார். பிறர் சொல்வதை அந்நோயாளி பெரிதும் அறிந்திருந்தார். சொல் மட்டும் வாயில் எழவில்லை. மூளையின் இடப்புறத்து முன்பகுதியில் பழுது காணப்பட்டது. 1874-இல் ஜெர்மானியரான கார்ல் வெர்னிக்கே, இடப்புறத்திலேயே சற்றுப் பின்னால் வேறோரிடம் பழுதுற்றால், பேச்சு ஓடினும் பொருள் விளங்காதென்று காட்டினார். உருசிய-சப்பானியப் போர் 1904, 1905-ஆம் ஆண்டுகளில் நடந்தபோது, தலையிற் சிறு குண்டு துளைத்தும் பிழைத்த போர்வீரரைத் தட்சுஜி இனோயே என்னும் சப்பானியக் கண்மருத்துவர் ஆராய்ந்தார். பிடரிப்பக்கத்து மூளையிற் குண்டு சென்ற இடத்திற்கேற்ப, அவரவர் பார்வைக்களத்தில் இன்ன இடம் குருடாயிற்று என்று கணித்து 1909-இல் வெளியிட்டார். கண் பழுதுறவில்லை, மூளையிற் சிற்றிடம் பழுதுற்றது, பார்வையில் அதற்கொத்த சிற்றிடம் இருண்டது.

இவ்வாறு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவர் கண்டவற்றுள், பழுதுற்றும் எக்காலத்தும் யாதோர் இழப்பும் விளையாத பெரும்பரப்பு எதுவும் மூளையில் அகப்படவில்லை. ஒன்பது பங்கு சும்மா கிடப்பது உண்மையாயின், தலையில் அடிபட்டோர் பதின்மரில் ஒன்பதின்மர் யாதொரு குறையுமின்றி எழுந்து வீட்டுக்குச் செல்லல் வேண்டும். மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் சுற்றத்தார் அங்ஙனம் அன்று என்பதை அறிவர். ஆகவே, அன்பரே, அக்கொட்டைப்பாக்களவு பழுது சும்மா இருக்கும் இடத்தில் விழாததற்குக் காரணம், சும்மா இருக்கும் இடம் ஒன்று இல்லாமையே.

இரண்டாவது சான்று உணவுக் கணக்கினின்றும் கிடைப்பது. மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆயின் ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அஃது உட்கொள்கின்றது. ஐம்பதின்மர் உள்ள விடுதியில் ஒருவன் மட்டும் சமைத்த சோற்றில் ஐந்திலொரு பங்கை நாடோறும் உண்பானாயின், அவன் உழைப்பாளியாயினன்றி விடுதியார் பொறுப்பரோ? உயிர்க்குலம் வறுமையிலும் பஞ்சத்திலும் பிழைத்து வந்தது. ஒன்பது பங்கு பயனற்ற உறுப்புக்கு இத்துணை ஊணளித்து, அதனைச் சுமக்கப் பெருந்தலையும் அளித்து, அத் தலையால் மகப்பேற்றில் தாய்மார்க்கு இடருமளித்து, இயற்கை அதனைப் போற்றி வந்திராது.

மூன்றாவது சான்று கருவிகளால் ஆயது. ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானியர் மண்டையின்மேல் வைத்த தகடுகளால் மனித மூளையின் மின்னலைகளை 1924-இல் முதன்முதற் பதிவுசெய்து, 1929-இல் வெளியிட்டார். விழித்திருப்பினும் உறங்கினும் அவ்வலைகள் உருமாறுகின்றனவேயன்றி ஓய்வதில்லை. 1955-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், மனக்கணக்குப் போடும் மாணவரின் மூளை உட்கொள்ளும் பிராணவாயுவை அளந்தபோது, வாளா இருந்த காலத்தினும் மொத்த அளவு கூடவில்லையெனக் கண்டு வியந்தனர். வாளா இருக்கும் மூளையும் முழுவேலையில் இருந்தது என்பதே அதன் பொருள். 2001-இல் மார்க்கஸ் ரெய்க்கிலும் அவர்தம் தோழரும், நாம் புறத்தொழில் ஒன்றிலும் ஈடுபடாதிருக்குங்கால் மிகுதியாகத் தொழிற்படும் மூளைப்பகுதிகளின் கூட்டம் ஒன்றுண்டெனத் தெளிவித்தனர். ஓய்வு என்று நாம் கருதுவது மூளைக்கு வேறொரு வேலையே.

இங்கே ஓர் ஐயம் எழும். இக்காலத்து மருத்துவ நூல்களில் அச்சிடப்பெறும் மூளைப் படங்களில், இருண்ட பரப்பின்மேல் ஓரிரண்டு இடங்களே ஒளிர்கின்றனவே என்பர். அவ்வொளி, ஒரு தொழிலின்போது வழக்கத்தினும் மேற்பட்டெழுந்த சிறு மிகுதியை மட்டும் பிரித்துக் காட்டுவது. நிறைந்தோடும் ஆற்றை வரையாது, அதன்மேல் எழுந்த அலையை மட்டும் ஒருவன் வரைந்தால், அலையில்லா இடத்தில் நீரேயில்லையென்று நாம் சொல்லோம் அன்றோ?

நரம்பணுக்களின் எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு மயக்கம் நிலவியது. மூளையில் நரம்பணுக்களுக்குப் பதின்மடங்கு துணையணுக்கள் உள்ளனவென்று நெடுங்காலம் பாடநூல்கள் எழுதிவந்தன. பத்தில் ஒன்றே சிந்திக்கின்றது என்பார்க்கு இஃது ஊன்றுகோலாயிற்று. 2009-இல் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் எண்ணியபோது, நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடியென்றும், மற்ற அணுக்களும் ஏறக்குறைய அத்துணையே என்றும் தெரியவந்தது. இந்நரம்பணுக்கள் யாவும் ஒரே கணத்தில் முழங்குவதில்லை என்பது மெய்யே. ஆர்மோனியத்தின் கட்டைகளையெல்லாம் ஒருங்கே அழுத்தினால் இசை பிறவாது, இரைச்சலே பிறக்கும். மூளையணுக்கள் கட்டுப்பாடின்றி ஒருங்கே முழங்குவதே காக்கை வலிப்பு. இசைக்குங்கால் ஒரு கட்டை சற்றே ஓய்ந்திருப்பதால் அது வேண்டாத கட்டை ஆகிவிடாது.

இனி இரண்டாம் வினா. சும்மா இருக்கும் பங்கு இல்லையெனின், இழந்த பேச்சு மீளாதோ? ஈண்டுத்தான் உண்மை, பொய்யினும் நன்மை பயப்பதாய் அமைகின்றது. ஹியூபெல், வீசெல் என்னும் இருவர் 1960-ஆம் ஆண்டை அடுத்து, பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை இளமையிற் சிலகாலம் மூடிவைத்து ஆராய்ந்தனர். மூடிய கண்ணுக்குரிய மூளையணுக்கள் சும்மா கிடக்கவில்லை. அவற்றுட் பெரும்பாலன திறந்த கண்ணின் ஆட்சிக்கு மாறிவிட்டன. இவர்க்கு 1981-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. மூளை என்னும் ஊரில் தரிசு கிடப்பதில்லை. ஒருவன் உழாத நிலத்தை அயலான் உழுதுவிடுகின்றான். வளர்ந்தோரிடத்தும் இம்மாறுதல் முற்றும் நின்றுவிடுவதில்லை. 2000-ஆம் ஆண்டில் எலினார் மக்வையர் என்னும் அம்மையார், இலண்டன் நகரத்து வாடகை மோட்டார் ஓட்டிகளின் மூளையில், வழி நினைவுக்குரிய ஒரு பகுதியின் பின்புறம் பிறரினும் பருத்திருக்கக் கண்டார். அந்நகரத்துப் பல்லாயிரம் தெருக்களைப் பாராது ஒப்பிக்க அவர்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயிலல் வேண்டும். 2011-இல் அவர் வெளியிட்ட தொடராய்ச்சியில், பயின்று தேறியவரிடத்தே அவ்வளர்ச்சி காணப்பட்டது; தேறாதவரிடத்தே காணப்படவில்லை. அவர்கள் உறங்கிக்கிடந்த மூளை எதனையும் எழுப்பவில்லை. விழித்திருந்த மூளையை நாடோறும் செய்த பயிற்சியால் திருத்தினார்கள்.

பக்கவாதம் கண்டவரிடத்தும் அவ்வாறே, பழுதுற்ற இடத்தைச் சூழ்ந்த பகுதிகளும், சிலபோது எதிர்ப்புறத்துப் பகுதிகளும், தமக்குரிய வேலையோடு இழந்த வேலையிலும் ஒரு பங்கை ஏற்கக் கற்கின்றன. எல்லார்க்கும் முற்றும் மீளுமென்று சொல்லுதற்கில்லை. பழுதின் அளவு, வயது, மருத்துவம் தொடங்கிய விரைவு ஆகிய பலவற்றைப் பொறுத்தது அது. ஆயினும் பயிற்சியின்றி மீள்வதினும் பயிற்சியோடு மீள்வது மிகுதி. ஒன்பது பங்கு கையிருப்பாக உள்ளதென்று நம்புவோர் அது தானே எழுமென்று காத்திருப்பர்; அல்லது எழுப்புவதாகச் சொல்லும் மருந்துக்குக் கடன்படுவர். கையிருப்பு இல்லையென்றறிந்தோர், முகம் கோணிய அன்றே மருத்துவமனைக்கு விரைவர். பின்னர்ப் பொறுமையோடு நாடோறும் பழக்குவர். இருசக்கர வண்டியேறுங்கால் தலைக்கவசம் அணிவர்.

கல்விக்கும் இஃது ஒக்கும். 2012-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் வினவப்பெற்ற ஆசிரியருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இக்கட்டுக்கதையை மெய்யென்று கொண்டிருந்ததைக் காட்டிற்று. ஆகவே யாம் தனித்துப் பிழைசெய்தோம் அல்லேம். அஃது எமக்கு ஆறுதலாகாது. தேறாத மாணவனை நோக்கி “உன்னுள் ஒன்பது பங்கு உறங்குகின்றது” என்பது, பார்வைக்குப் புகழ்ச்சி. உள்ளே அது பழிச்சொல். அவன் முயன்றதெல்லாம் ஒரு பங்கேயென்று சொல்லி, இல்லாத ஒன்பதைத் தேடுமாறு அவனை அலைக்கின்றோம். “உன் மூளை முழுதும் விழித்திருக்கின்றது, நீ இன்று படிக்கும் பாடம் அதன் இணைப்புகளை இன்றிரவே சிறிது மாற்றும், நாளையும் படி” என்பது மிக எளிய சொல், ஆயினும் மெய்.

மாணவர் இக்கட்டுரையினின்றும் மூளையைப் பற்றி யாது மறப்பினும், “விஞ்ஞானிகள் கண்டறிந்தது” என்னுஞ் சொல் செவியிற்படும்போது நான்கு வினாக்களை மட்டும் மறவாதிருப்பாராக. கண்டறிந்தவர் யார்? எந்த ஆண்டில்? எதனை எவ்வாறு அளந்தார்? இதனை நாம் நம்புவதால் ஊதியம் பெறுவார் யார்? இந்நான்கிற்கும் விடைகிடையாத கூற்றை, அஃது எத்துணை இனிதாயினும், சற்று நிறுத்திவைத்தல் நன்று.

அம்மாணவர்க்கு ஒரு திங்கள் கழித்து யாம் இவற்றை விளக்கிச் சொன்னோம். பிழையாகக் கூறியதையும் அவர் முன் ஒப்புக்கொண்டோம். அவ்விடுமுறையில் அவர் ஊர்சென்று, காலையும் மாலையும் தம் தந்தையின் அருகிலமர்ந்து, சிறுவர்க்குக் கற்பிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாகப் பழக்கினார் என்று பின்னர்க் கேள்வியுற்றோம். பழைய பேச்சு முற்றும் வந்திலது. ஆயின் அடுத்த ஆண்டு அவர் எமக்கெழுதிய கடிதத்தில், தந்தையார் வாயிலில் நின்று தம் பெயரைச் சொல்லி அழைத்தாரென்ற ஒரு வரி இருந்தது. பத்தில் ஒரு பங்கைப் பற்றி யாம் அதன்பின் எவ்வகுப்பிலும் பேசியதில்லை.